வலப்பக்கம் திரும்பக் கற்றுக்கொண்ட இரண்டு மாதங்கள்

அடுத்த வாரம் நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் வாட்கின்ஸ் கிளென் டிராக்கில் ஒரு ஸ்டாக் காரில், அதாவது சாதாரண கார் மாதிரி உருவம் கொண்ட ரேஸ் வண்டியில், உட்காரப் போகிறேன். ஏழு வருடமாக நார்த் கரோலினாவில் சனிக்கிழமை இரவுகளில் ரேஸ் ஓட்டுகிறேன். எல்லாமே ஓவல் டிராக், அதாவது இடப்பக்கம் மட்டுமே திரும்பிச் சுற்றும் நீள்வட்டப் பாதை. பெரும்பாலும் ஹிக்கரியில், ஒரு சுற்று அரை மைல்கூட வராத இடம். இந்த ஏழு வருடத்தில் ரேஸ் வேகத்தில் நான் ஒரு தடவைகூட வலப்பக்கம் திரும்பியதில்லை.

மூர்ஸ்வில்லில் ஒரு மெஷின் ஷாப்பில்தான் என் பகல் வேலை. ஊரில் பாதிப் பேர் ஏதோ ஒரு வகையில் ரேஸ் வண்டியோடு சம்பந்தப்பட்டவர்கள் என்பதால் இங்கே பேச்சும் அதுவாகத்தான் இருக்கும். ஒரு சின்ன டீம் ஒரே ஒரு ரேஸுக்கு ஆள் தேடியது. கேட்டார்கள், யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது ரோடு கோர்ஸ், இரண்டு பக்கமும் வளைந்து போகும் பாதை, என்பது மனதில் உறைத்தது. தயாராக இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஓவலில் ஓட்டிவிட்டு முதல் தடவை ரோடு கோர்ஸுக்குப் போகும் யாருக்காவது உதவும்.

ஸ்டாக் கார் என்றாலே வட்டமடிப்பதுதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் அமெரிக்காவில் ஸ்டாக் கார் ரேஸ் நடத்தும் அமைப்பான நாஸ்கார் 1954இலேயே நியூ ஜெர்சியின் லிண்டன் விமான நிலைய ஓடுபாதையில் ரோடு கோர்ஸ் ரேஸ் நடத்தியிருக்கிறது. அதில் ஜெயித்தது ஒரு ஜாகுவார் கார். அதன் பிறகு கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் டான் கர்னி 1963க்கும் 1968க்கும் இடையில் ஐந்து முறை ஜெயித்தார். அவர் ஃபார்முலா ஒன் ஓட்டியவர். 2023இல் ஷேன் வான் கிஸ்பெர்கன் நியூசிலாந்திலிருந்து வந்து, சிகாகோ தெருக்களில், நாஸ்காரின் உச்சத் தொடரான கப்பில் தன் முதல் ரேஸிலேயே ஜெயித்தார். 2025இல் மட்டும் அவருக்கு ஐந்து வெற்றிகள், ஐந்தும் ஓவல் அல்லாத டிராக்குகளில். வருடம் முழுக்க இதையே தொழிலாகச் செய்கிறவர்களை வெளியிலிருந்து வந்த ஒருவர் இப்படி முந்துகிறார் என்றால் அவருக்குத் தெரிந்த எதுவோ நமக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். அது என்ன என்று இரண்டு மாதம் தேடினேன். எனக்குக் கிடைத்த பதில் பிரேக். இன்னும் சரியாகச் சொன்னால், பிரேக்கிலிருந்து காலை எடுக்கும் விதம்.

ஓவலில் பிரேக்கே போட மாட்டோம் என்பதில்லை. சின்ன ஓவலில் நிறையவே போடுவோம். ஆனால் இரண்டு முனையும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். பத்துச் சுற்று ஓடினால் காலுக்குப் பழகிவிடும், அப்புறம் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ரோடு கோர்ஸில் ஒவ்வொரு வளைவுக்கும் வேறு வேகம், வேறு கியர், வேறு அழுத்தம். முதல் மிதியில்தான் முழு அழுத்தமும் இருக்க வேண்டும். வேகம் குறையக் குறைய அழுத்தத்தையும் குறைத்துக்கொண்டே வந்து, வண்டியின் மூக்கு வளைவுக்குள் நுழையும்போது காலை மெதுவாக விட வேண்டும். சட்டென்று விட்டால் மூக்கு மேலே எழும்பி முன் டயர்கள் பிடிப்பை இழக்கும். ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும், அதை நாங்கள் டைட் என்போம். விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் பின்பக்கம் லேசாகிச் சுழலப் பார்க்கும், அது லூஸ். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் ரொம்பக் குறுகலானது. காலுக்கு அது தானாக வராது.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி குளியலறையில் எடை பார்க்கும் மெஷின். அதைச் சுவரில் சாய்த்து வைத்து, எதிரே நாற்காலி போட்டு, ரேஸ் ஷூவோடு உட்கார்ந்து இடது காலால் மிதிப்பேன். எங்கள் வண்டியில் பிரேக்குக்கு உதவி செய்யும் பூஸ்டர் கிடையாது, எல்லாம் கால் பலம்தான். முதலில் 100 பவுண்டு, அப்புறம் 80, 60, 40, 20, பிறகு ஒன்றுமில்லை. இதெல்லாம் மூன்று நொடிக்குள் முடிய வேண்டும். நான் கண்ணை மூடிக்கொள்வேன், என் ஒன்பது வயது மகள் தரையில் படுத்துக்கொண்டு எண்ணைப் படிப்பாள்.

"அப்பா, நூத்திப் பதினஞ்சு. அதிகம்."

"இப்போ?"

"தொண்ணூறு. இப்போ எழுபது. ஐயோ, ஒரேயடியா விட்டுட்டீங்க. எழுபதுல இருந்து சைபர்."

முதல் வாரம் முழுக்க இதே கதைதான். 100ஐத் தொடுவது சுலபம். 40லிருந்து 20க்கு இறங்குவதுதான் கஷ்டம். தொடையில் இருக்கும் பெரிய தசை அந்தச் சின்ன வித்தியாசத்தை உணர்வதே இல்லை. குதிகாலைத் தரையில் ஊன்றி, கணுக்காலை மட்டும் அசைத்து விட்டுப் பார்த்தேன், கொஞ்சம் வசப்பட்டது. மூன்றாவது வாரத்தில் மகள் சொல்லும் எண்ணும் நான் மனதில் நினைக்கும் எண்ணும் ஐந்து பவுண்டுக்குள் வர ஆரம்பித்தன. ஜிம்முக்குப் போய் எத்தனை கிலோ தூக்கினாலும் இது வந்திருக்காது. காசு செலவில்லை, ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும்.

இன்னொன்றையும் வீட்டிலேயே செய்தேன். ஸ்டாக் காரில் ஓட்டுபவர் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பார். ஓவலில் உள்பக்க ஓரம் பக்கத்திலேயே இருக்கும், சக்கரம் எங்கே இருக்கிறது என்று உடம்புக்கே தெரியும். வலது வளைவில் உள்பக்கச் சக்கரம் காரின் அந்தக் கோடியில், பானட்டுக்கு மறைவில். வாட்கின்ஸ் கிளெனில் நாஸ்கார் ஓடும் பாதையை ஏழு வளைவு என்று கணக்கிடுவார்கள், அதில் ஐந்து வலப்பக்கம். எனவே ஞாயிறு காலைகளில் ஒரு காலி பார்க்கிங்கில் எங்கள் வீட்டு வேனை எடுத்துப் போய், வலது முன் சக்கரத்தைத் தரையில் வரைந்த வெள்ளைக் கோட்டின் மேல் நிறுத்திப் பழகினேன். நிறுத்தி, இறங்கி, பார்ப்பேன். முதல் நாள் முழுசாக ஓரடி தள்ளி நின்றது. வேனும் ரேஸ் காரும் ஒன்றில்லைதான். ஆனால் "என் வலது ஓரம் எங்கே" என்ற கேள்வியை மனது கேட்கப் பழகிக்கொண்டது, அது போதுமானதாக இருந்தது.

சிமுலேட்டரைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஐரேசிங் என்ற கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் வாட்கின்ஸ் கிளென் லேசர் ஸ்கேன் செய்து எடுத்த டிராக்காகவே இருக்கிறது, மேடு பள்ளம் உட்பட. நானும் தினமும் ஒரு மணி நேரம் ஓட்டினேன். எந்த வளைவுக்கு அப்புறம் எது வரும், எந்தப் பலகைக்குப் பக்கத்தில் பிரேக் என்பதெல்லாம் அங்கே மனப்பாடமாகிவிடும். ஆனால் பிரேக் சூடேறி மிதி தளர்வதும், முதுகெலும்பில் வண்டி ஆடுவதும் அங்கே இல்லை. பாதையைக் கற்றுக்கொள்ள அது போதும். வண்டியைக் கற்றுக்கொள்ள அதை நம்பியிருந்தால் நான் ஏமாந்திருப்பேன்.

வண்டியைக் கற்றுக்கொண்டது சவுத் கரோலினாவின் கெர்ஷாவில் இருக்கும் கரோலினா மோட்டர்ஸ்போர்ட்ஸ் பார்க்கில். டீம் ஒரு நாள் அங்கே டெஸ்டுக்கு ஏற்பாடு செய்தது.

முதல் சுற்றிலேயே ஒரு அதிர்ச்சி. ஓவல் வண்டியை வேண்டுமென்றே கோணலாகத்தான் அமைப்பார்கள். வலது பின் டயரின் சுற்றளவு இடது டயரைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், எடையும் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், ஸ்பிரிங்குகளும் பக்கத்துக்குப் பக்கம் வேறு. நேர்ப்பாதையில் கையை விட்டால் வண்டி தானாக இடப்பக்கம் போகும். அதைத் தடுக்க ஸ்டியரிங்கை எப்போதும் ஒரு துளி வலப்பக்கம் பிடித்துக்கொண்டே இருப்போம். ஏழு வருடமாகப் பிடித்த பிடி அது. ரோடு கோர்ஸ் வண்டியில் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமம், ஆனால் என் கைக்கு அது தெரியாதே. நேர்ப்பாதையில் வண்டி வலது ஓரப் புல்லை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங் கோளாறு என்று ரேடியோவில் சொன்னேன். டீம் நிற்கும் பிட்டுக்கு வரச் சொல்லி, அளந்து பார்த்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். பிறகுதான் என் கையைப் பார்த்தேன்.

இருக்கையும் அப்படித்தான். ஓவலில் உடம்பு எப்போதும் வலப்பக்கம் தள்ளப்படும், அதனால் தலையையும் தோளையும் வலப்பக்கம்தான் முழுசாகச் சாய்த்துப் பழகியிருப்போம். வலது வளைவில் உடம்பு இடப்பக்கம் போகிறது. என் இடது முழங்கால் கதவுப் பக்கக் கம்பியில் மோதி மோதி, மதியத்துக்குள் கன்றிப் போயிருந்தது. மோதும் முழங்காலோடு இடது காலால் நிதானமாகப் பிரேக்கை விடுவது முடியாத காரியம். உடனே அந்தப் பக்கம் ஒரு கெட்டியான நுரைத் திண்டு வைத்தோம். முழங்கால் அசையாமல் இருந்ததும் பிரேக் தானாகச் சீரானது. யாராவது முதல் டெஸ்டுக்குப் போகிறீர்கள் என்றால் வண்டியின் வேகத்துக்கு முன்னால் இருக்கையைச் சரி செய்யுங்கள்.

அன்று மதியம் ஒரு தப்பு செய்தேன். எங்கள் வண்டியில் நான்கு கியர், பழைய மாதிரி கையால் போடும் லீவர். ஓவலில் ரேஸ் தொடங்கிய பிறகு கியரைத் தொடும் வேலையே அநேகமாக இல்லை. இங்கே ஒவ்வொரு சுற்றிலும் பல தடவை மாற்ற வேண்டும். ஒரு கூர்மையான வளைவுக்கு முன்னால், வேகம் இன்னும் குறையாதபோதே மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுத்துவிட்டேன். எஞ்சின் ஒரு அலறு அலறியது. பின் சக்கரங்கள் இரண்டும் தரையில் குதிக்க ஆரம்பித்தன, வண்டி பக்கவாட்டில் திரும்பிப் புல்லில் போய் நின்றது. எதிலும் மோதவில்லை. ஆனால் எஞ்சின் போகக்கூடாத ஆர்பிஎம்முக்குப் போயிருந்தது மீட்டரின் நினைவில் பதிவாகியிருந்தது. எஞ்சினைக் கழற்றி வால்வுகளைப் பரிசோதிக்க வேண்டியதாயிற்று, டெஸ்ட் அத்தோடு முடிந்தது. செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன், அதுதான் நியாயம்.

வண்டிக்கும் மெக்கானிக்குகளுக்கும் பொறுப்பான எங்கள் க்ரூ சீஃபுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. அவர் கோபப்படவில்லை. டிரெய்லர் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "வேகத்தைக் குறைக்க வேண்டியது பிரேக். எஞ்சினை அந்த வேலைக்குக் கூப்பிடாதே. கியர் எதற்கு? வளைவை விட்டு வெளியே வர," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கப்புறம் நான் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். பிரேக்கை மிதித்ததும் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிய பிறகுதான் முதல் கியர் மாற்றம். அடுத்தது ஸ்டியரிங்கைத் திருப்புவதற்குச் சற்று முன்னால், அதற்கு முன் எந்தக் காரணத்துக்காகவும் இல்லை. தாமதமாக மாற்றினால் ஒரு நொடியில் ஒரு பங்கு போகும். சீக்கிரமாக மாற்றினால் எஞ்சின் போகும்.

வான் கிஸ்பெர்கன் வலது காலாலேயே பிரேக்கை மிதித்து, அதே காலின் ஓரத்தால் ஆக்ஸிலேட்டரையும் தட்டி, இடது காலைக் கிளட்சுக்கு வைத்துக்கொள்கிறார். அதைப் பார்த்து நானும் மாறலாமா என்று இரண்டு வாரம் தூக்கமில்லாமல் யோசித்தேன். கடைசியில் மாறவில்லை. அவருக்கு அது சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். என் இடது காலுக்குப் பிரேக் ஏழு வருடமாகத் தெரியும். அதையே இன்னும் நுணுக்கமாக்கி, கியர் இறக்கும்போது வலது காலால் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்டி, கிளட்ச் இல்லாமலே லீவரை இழுக்கப் பழகினேன். இரண்டு மாதத்தில் ஒரு புதுப் பழக்கத்தை உடம்பில் ஏற்ற முடியும் என்று நான் நம்பவில்லை. நெருக்கடி வரும்போது கால் பழைய வழிக்கே ஓடும், அந்த நேரத்தில் பாதி இதுவும் பாதி அதுவுமாக இருப்பதுதான் ஆபத்து.

இனி வாட்கின்ஸ் கிளென். இதற்கு முன் ஒரு தடவை அங்கே போயிருக்கிறேன், வேறொரு டீமுக்கு டயர் சுமக்கும் ஆளாக. அன்று சாயங்காலம் முழுப் பாதையையும் நடந்தேன், 2.45 மைல். டிவியில் சமதரையாகத் தெரியும் இடமெல்லாம் உண்மையில் ஏற்ற இறக்கம். நேர்ப்பாதை லேசாக இறங்கிக்கொண்டே வந்து முதல் வளைவில் தொண்ணூறு டிகிரி வலப்பக்கம் திரும்புகிறது. இறக்கத்தில் பிரேக் போடுவது எப்போதும் ஏமாற்றும். அதைத் தாண்டினால் வலம், இடம், வலம் என்று மேலே ஏறும் எஸ்ஸெஸ், S வடிவில் தொடரும் வளைவுகள். இரண்டு பக்கமும் வெளிர்நீல இரும்புத் தடுப்பு, தொட்டுவிடும் தூரத்தில். நடந்து போகும்போதே அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரியாது. அங்கே கண்ணால் பார்த்து ஓட்ட முடியாது, மனப்பாடமாகத் தெரிந்து ஓட்ட வேண்டும்.

பின்பக்க நேர்ப்பாதையின் முடிவில் பஸ் ஸ்டாப் என்று எல்லோரும் சொல்லும் குறுகிய திருப்பம் இருக்கிறது. அது முதலில் இருந்ததில்லை. 1991 ஆகஸ்டில் ஜே. டி. மெக்டஃபி அந்த நேர்ப்பாதையின் கடைசியில் இறந்தார். அதே வருடம் ஜூனில் டாமி கெண்டல் அதே இடத்தில் வேறொரு ரேஸில் கால்கள் நொறுங்கும் அளவுக்கு மோதினார். அதற்கப்புறம், வேகத்தைக் குறைக்க 1992இல் இதைக் கட்டினார்கள். அங்கே நடந்தபோது நான் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு எரிச்சல் தரும் இந்தத் திருப்பம் யாருடைய உயிருக்காகக் கட்டப்பட்டது என்று தெரிந்துகொண்டு ஓட்டுவது நல்லது என்று தோன்றியது.

பஸ் ஸ்டாப்பின் ஓரங்களில் மேடாகக் கட்டியிருக்கும் கெர்ப் மேல் ஏறிக் குதித்தால் நேரம் மிச்சமாகும். ஆனால் அந்த அதிர்ச்சியில் பிரேக் பேடுகள் டிஸ்க்கை விட்டுக் கொஞ்சம் பின்னால் தள்ளப்பட்டுவிடும். அடுத்த முறை மிதிக்கும்போது மிதி பாதி தூரம் வெறுமனே இறங்கும். அந்தப் பாதி தூரம்தான் உயிரைக் குடிக்கும் தூரம். அதனால் கெர்ப்பில் ஏறிய பிறகு நேர்ப்பாதையில் ஆக்ஸிலேட்டரை விடாமலே இடது காலால் பிரேக்கை லேசாக ஒரு தட்டு தட்டி, மிதி கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சுற்றும், விட்டுவிடாமல். 2000ஆம் ஆண்டில் ஜிம்மி ஜான்சன் இதே டிராக்கின் முதல் வளைவுக்கு வந்தபோது பிரேக் முழுசாகப் போய்விட்டது. நேராகப் போய்த் தடுப்பில் மோதினார். நல்லவேளையாக அங்கே நுரைக் கட்டிகள் அடுக்கியிருந்தார்கள், இறங்கி வண்டிக் கூரை மேல் நின்று கைகளை உயர்த்தினார். அந்த வீடியோவை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். சிமுலேட்டரில்கூட இந்தத் தட்டலை விடாமல் செய்து பழகினேன். அங்கே அதற்கு அவசியமே இல்லை, ஆனால் பழக்கம் வேண்டுமே.

மற்றவை சுருக்கமாக. ஸ்டாக் காருக்குள் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும், பாதத்துக்கு அடியில் அதைவிட மோசம். ரேஸ் காலையில் குடிக்கும் தண்ணீர் உதவாது, இரண்டு நாள் முன்பிருந்தே உப்பும் தண்ணீருமாகக் குடித்து வர வேண்டும். வெயில் நேரத்தில் ஓடிப் பழகினேன், குதிகாலுக்கு வெப்பத் தடுப்பு வாங்கினேன். ஓவலில் ஒரே ஸ்பாட்டர் மேலிருந்து முழு டிராக்கையும் பார்த்து ரேடியோவில் சொல்வார். இங்கே ஒரே இடத்திலிருந்து எல்லாம் தெரியாது, எனவே எனக்கு இரண்டு பேர். ஒருவர் எங்கே பேச்சை விடுவார், அடுத்தவர் எங்கே எடுப்பார் என்று முன்னாலேயே பேசி முடித்துவிட்டோம். அவர்கள் குரல் மாறும் இடத்தில் நான் ஒரு நொடிகூடக் குழம்பக்கூடாது. மழை வந்தால் மழை டயர் போட்டு ஓட்டுவார்கள், அது எனக்கு முற்றிலும் புதிது. உலர்ந்த டிராக்கில் எல்லோரும் போன பாதையில் ரப்பர் படிந்திருக்கும், நனைந்தால் அதுதான் வழுக்கும், அதை விட்டு வெளியே போ என்று க்ரூ சீஃப் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் அன்றைக்குத்தான் தெரியும்.

டிரெய்லர் புதன்கிழமை கிளம்புகிறது, பத்துப் பதினோரு மணி நேரப் பயணம். நாங்கள் பின்னால் காரில் போகிறோம், மகளும் மனைவியும் கூட வருகிறார்கள்.

நேற்று ராத்திரி கடைசி முறையாக அந்த எடை மெஷினைச் சுவரில் சாய்த்தேன். இந்தத் தடவை மகள் எண்ணைச் சொல்லக்கூடாது என்று ஏற்பாடு. நான் கண்ணை மூடி மிதித்து, குறைத்து, ஒரு இடத்தில் நிறுத்தினேன்.

"நாற்பது," என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "நாப்பத்திரெண்டு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னொரு தடவை பண்ணுங்கப்பா," என்றாள்.